அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் இடையே: புத்தலப்பட்டிலிருந்து ஒரு கணக்கு

சித்தூரிலிருந்து கர்நூல் பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டர் தாண்டினால் புத்தலப்பட்டு. திருப்பதிச் சாலை பிரிவது இங்கேதான். வந்த வழியே திரும்பிச் சித்தூரைக் கடந்து ஆந்திர எல்லையைத் தாண்டினால் வேலூர். இந்த வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து, ‘அடுத்து கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கணும்’ என்று டாக்டர் சொன்னால், அவர் முன்னால் இருப்பவை இந்த இரண்டு திசைகள். இரண்டும் ஏறத்தாழ ஒரே தொலைவு. இரண்டிலும் நல்ல மருத்துவமனைகள் உண்டு. திருப்பதியில் தேவஸ்தானம் 1993இல் தொடங்கிய ஸ்விம்ஸ் இருக்கிறது. தேவஸ்தானம் தந்த நிலத்தில் டாடா அறக்கட்டளை எழுப்பி 2022 மே மாதம் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையும் அங்கேதான். வேலூரில், 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி இன்று பெரும் நிறுவனமாகிவிட்ட சி.எம்.சி. இருக்கிறது.

மருத்துவமனைகள் அருகில் இருந்தாலும் அறுவை முடிந்த நாளுக்கும் முதல் கதிர்வீச்சு நாளுக்கும் இடையே வாரங்கள் ஓடிவிடுகின்றன. அந்த இடைவெளியில் எவ்வளவு உடம்புக்குத் தேவையானது, எவ்வளவு வீண் என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ‘தாமதம்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. முதலாவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எடுத்த பிறகும் எதற்கு?

‘கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இன்னும் எதற்கு?’ என்பது வீட்டில் எழும் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். அறுவை மருத்துவரின் கண்ணுக்கும் நோய்க்கூறு ஆய்வாளரின் நுண்ணோக்கிக்கும் தப்பிய செல்கள் மார்பகத்திலோ, மார்புச் சுவரிலோ, அக்குள் நிணநீர்க் கணுக்களிலோ தங்கியிருக்கலாம். அவற்றை அழிப்பதுதான் கதிர்வீச்சின் வேலை.

இதன் பலனை அளந்த மிகப்பெரிய தொகுப்பாய்வு 2011இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்த 10,801 பெண்களை, 17 சோதனைகளிலிருந்து ஒன்று திரட்டிப் பார்த்தார்கள். பத்து ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியவர்கள், கதிர்வீச்சு பெறாதவர்களில் நூற்றுக்கு 35 பேர். பெற்றவர்களில் 19 பேர். பதினைந்து ஆண்டுகளில் அந்நோயால் இறந்தவர்கள் முறையே நூற்றுக்கு 25, 21 பேர். மார்பகத்தை முழுதாக எடுத்தவர்களிலும், கணுக்களுக்கு நோய் பரவியிருந்தால் கதிர்வீச்சு பலன் தருவதை அதே குழு 2014இல் காட்டியது. கிராமத்துப் பெண்கள் பலர் கட்டி பெரிதான பிறகே மருத்துவமனைக்கு வருவதால், இந்த இரண்டாவது முடிவு நமக்கு இன்னும் நெருக்கமானது.

எல்லோருக்கும் ஒரே அளவு பலன் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. 65 வயதைக் கடந்து, சிறிய கட்டியோடு, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை நோயுள்ள பெண்களைப் ‘பிரைம்-2’ சோதனை தனியாகப் பார்த்தது. பத்து ஆண்டு முடிவுகள் 2023இல் வெளியாயின. கதிர்வீச்சு இல்லாதவர்களில் நூற்றுக்கு 9.5 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது, பெற்றவர்களில் 0.9 பேருக்கு. உயிர்வாழ்வில் வேறுபாடு இல்லை. ஆக, தாமதம் எவ்வளவு கெடுதல் செய்யும் என்ற கேள்விக்கு, யாருக்கு, எந்த வகை நோய்க்கு என்பதைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

எத்தனை வாரம் தாங்கும்?

நோயாளிகளில் சிலரை வேண்டுமென்றே தாமதிக்க வைத்துச் சோதனை நடத்த அறம் இடம் தராது. அதனால் இங்கே நமக்குள்ள சான்றுகள் பெரும்பாலும், ஏற்கெனவே தாமதப்பட்டவர்களின் மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துக் கிடைத்தவை.

2003இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, அறுவைக்குப் பின் எட்டு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கியவர்களில் ஐந்தாண்டுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியவர்கள் நூற்றுக்கு 5.8 பேர் என்றும், எட்டு வாரம் கடந்தவர்களில் 9.1 பேர் என்றும் கணக்கிட்டது. 2010இல் ‘பி.எம்.ஜே.’ இதழில் அமெரிக்காவின் 18,050 மூத்த பெண்களைப் பற்றிய ஆய்வு வந்தது. இவர்கள் கீமோ பெறாதவர்கள். ஆறு வாரத்துக்கு மேல் காத்திருந்தவர்களுக்கு, நோய் அதே இடத்தில் திரும்பும் வாய்ப்பு 19 சதவீதம் கூடியிருந்தது. இந்த நாள் வரை பாதுகாப்பு, அதற்கு மேல் ஆபத்து என்று கோடு கிழிக்க முடியவில்லை. நாள் கூடக் கூட வாய்ப்பும் சிறிது சிறிதாகக் கூடியது.

19 சதவீதம் என்றதும் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆனால் அந்த ஆய்வில் ஐந்தாண்டில் நோய் அதே இடத்தில் திரும்பியவர்கள் மொத்தத்தில் நூற்றுக்கு நான்கு பேர்தான். நாலில் 19 சதவீதம் என்றால் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 2020இல் அதே ‘பி.எம்.ஜே.’ இதழில், புற்றுநோய்ச் சிகிச்சைத் தாமதம் பற்றிய பெரிய தொகுப்பாய்வு ஒன்று வந்தது. அறுவை ஒவ்வொரு நான்கு வாரம் தள்ளிப்போகும்போதும் இறப்பு வாய்ப்பு 6 முதல் 8 சதவீதம் கூடுவதாக அது காட்டியது. ஆனால் மார்பகத்தைக் காத்துச் செய்யும் அறுவைக்குப் பின் வரும் கதிர்வீச்சு நான்கு வாரம் தள்ளிப்போனதில் இறப்பு கூடியதாக அந்தக் கணக்கில் தெரியவில்லை.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் கிடைப்பது இது: ஓரிரு வாரம் கூடிவிட்டதால் எல்லாம் கைநழுவிப் போய்விடவில்லை. அதே நேரம், காரணமில்லாத தாமதத்துக்குச் சிறியதாகவேனும் ஒரு விலை உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய செல்கள் பெருகிக்கொண்டிருக்க, அவற்றை அழிக்கத் தரும் கதிரின் அளவோ மாறுவதில்லை. அந்த விலையை நோயாளி ஏன் தர வேண்டும் என்பதே கேள்வி.

உடம்பு கேட்கும் அவகாசம்

முதல் வகைத் தாமதம் உடம்பே கேட்பது. வெட்டிய இடம் ஆற வேண்டும். அக்குளிலோ மார்புச் சுவரிலோ நீர் கோத்தால் அதை ஊசியால் எடுத்து, தோல் படியும் வரை பொறுக்க வேண்டும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்குப் புண் ஆற நாள் பிடிக்கும். பச்சைப் புண்ணின் மீது கதிரைச் செலுத்தினால் ஆறுவது மேலும் கெடும்.

தோள் இன்னொரு காரணம். இது பலருக்கு முன்கூட்டிச் சொல்லப்படுவதில்லை. கதிர்வீச்சைத் திட்டமிடும் நாளில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விளங்கும். சற்றே சாய்ந்த பலகையில் நோயாளியைப் படுக்க வைக்கிறார்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, அங்குள்ள பிடியைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் வரும் லேசர் கோடுகள் உடலின் மேல் குறுக்கும் நெடுக்குமாக விழும். தழும்பின் மீது மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டுவார்கள். ஸ்கேன் படத்தில் தழும்பு எங்கே ஓடுகிறது என்று அது காட்டும். பிறகு அப்படியே, அசையாமல், சிடி இயந்திரத்தின் வளையத்துக்குள் போக வேண்டும். படம் எடுத்து முடிந்ததும் தோலில் கடுகளவுப் புள்ளிகளைப் பச்சை குத்துவார்கள், அல்லது மையால் குறிப்பார்கள். தினமும் அதே இடத்தில் கதிர் விழுவதற்கான அடையாளம் அது. கை மேலே போகாவிட்டால் இதில் எதுவும் நடக்காது. வளையத்துக்குள் உடல் நுழையாது. கதிர் செல்லும் வழியில் கை குறுக்கே நிற்கும். தோள் இறுகிப்போனதால் தேதி தள்ளிப்போவது உண்டு. சுவரில் விரல்களை ஏணிப்படி ஏறுவதுபோல் மேலே நகர்த்தும் எளிய பயிற்சியை, மருத்துவர் சொன்ன நாளிலிருந்து விடாமல் செய்வது இந்தத் தாமதத்தைத் தவிர்க்கும்.

மூன்றாவது காரணம் கீமோ. அறுவைக்குப் பின் கீமோ தேவைப்பட்டால் வழக்கமாக அது முதலில், கதிர்வீச்சு பிறகு. கதிர்வீச்சு பல மாதம் தள்ளிப்போகுமே என்ற அச்சம் மருத்துவர்களுக்கும் இருந்தது. பாஸ்டனில் 244 பெண்களைக் கொண்டு நடந்த சோதனை ஒன்று, 12 வாரக் கீமோவை முதலில் தருவதையும் கதிர்வீச்சை முதலில் தருவதையும் ஒப்பிட்டது. முதல் முடிவு 1996இல் வந்தபோது கீமோவை முதலில் தருவதே மேல் என்று தோன்றியது. பல ஆண்டு கழித்துப் பார்க்கையில் இரண்டு வரிசைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே, கீமோ நடந்துகொண்டிருக்கும் மாதங்களைத் தாமதம் என்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. அங்கே சிகிச்சை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நாட்களை எண்ணத் தொடங்க வேண்டியது கடைசிக் கீமோவிலிருந்து. கீமோவை அறுவைக்கு முன்பே முடித்துவிட்டவர்களுக்கு, அறுவை நாளிலிருந்து.

யாருக்கும் வேண்டாத வாரங்கள்

இரண்டாவது வகைத் தாமதம் உடம்பு கேட்காதது. இயந்திரப் பற்றாக்குறை அதன் அடிவேர். பத்து லட்சம் பேருக்குக் குறைந்தது ஒரு கதிர்வீச்சு இயந்திரம் வேண்டும் என்பது உலகளவில் சொல்லப்படும் கணக்கு. இந்தியாவில் இருப்பது ஏறத்தாழ அதில் பாதி. பிரிக்கப்படாத சித்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 41.74 லட்சம், அந்தக் குறைந்தபட்ச அளவின்படியே இங்கு நாலு இயந்திரம் வேண்டும். ஆனால் திருப்பதி மருத்துவமனைகளுக்கு ராயலசீமை முழுவதிலிருந்தும், வேலூருக்கு நாடெங்கிலுமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். புற்றுநோயாளிகளில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படும் என்றும், மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு 87 பேருக்குத் தேவைப்படும் என்றும் ஆஸ்திரேலியக் குழு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. 2022இல் இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் ஏறத்தாழ 1,92,000 பேர் என்பது உலகளாவிய மதிப்பீடு. வரிசை ஏன் நீள்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இது ஏழை நாடுகளின் தலையெழுத்து மட்டுமல்ல. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1990களின் கடைசியில் கதிர்வீச்சு வரிசை மிக நீண்டதால், 1999 முதல் அரசே நோயாளிகளை எல்லை தாண்டி அமெரிக்காவின் பிளாட்ஸ்பர்க், பர்லிங்டன் நகரங்களுக்கு அனுப்பியது. அறுவைக்குப் பின் எட்டு வாரத்துக்கு மேல் காக்க வைக்கப்பட்ட மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்காகப் பன்னிரண்டு மருத்துவமனைகள் மீது தொடரப்பட்ட கூட்டு வழக்கை 2004இல் அங்குள்ள நீதிமன்றம் அனுமதித்தது. காத்திருப்பு என்பது நோயாளியின் பொறுமை சார்ந்த விஷயமாக இருந்தது போய், நாள் கணக்கில் பொறுப்புக் கேட்கக்கூடிய விஷயமானது.

நம் பக்கத்தில் வேறு முடிச்சுகளும் உண்டு. மாநில எல்லை அவற்றில் ஒன்று. 1911 வரை சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். வேலூரும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் இந்த வட்டாரத்தில், வைத்தியத்துக்கு வேலூர் போவது யாருக்கும் வெளியூர்ப் பயணமாகத் தோன்றுவதில்லை. ஆனால் இன்று சிகிச்சைச் செலவை ஏற்பது ஆந்திர அரசின் காப்பீடு. 2007இல் ஆரோக்கியஸ்ரீ என்று தொடங்கி, இப்போது டாக்டர் என்.டி.ஆர். வைத்ய சேவை என்ற பெயரில் நடக்கும் திட்டம் அது. அட்டை எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை முன்னரே கேட்டுக்கொள்ளாமல் ஒரு ஊரில் அறுவையும் இன்னொரு ஊரில் கதிர்வீச்சும் என்று பிரித்துக்கொண்டால், நடுவில் அனுமதிக் கடிதத்துக்காகவும் பதப்படுத்தி வைத்த திசுவான பயாப்சி பிளாக்குக்காகவும் அலைய நேரிடும். அப்படி அலைந்து கழிகிற வாரங்கள் எந்த மருத்துவமனையின் காத்திருப்புப் பட்டியலிலும் பதிவாவதில்லை.

வீடு இன்னொரு முடிச்சு. கறவை மாடுகளை நம்பியிருக்கும் வீடுகள் இப்பகுதியில் ஏராளம். இரண்டு வேளையும் பால் கறப்பது பெரும்பாலும் பெண்ணின் வேலை. அறுவையென்றால் ஒரு வாரத்துக்கு நாத்தனாரோ பக்கத்து வீட்டு அக்காவோ கை கொடுப்பார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, வாரக்கணக்கில், தினமும் போய்வர வேண்டும் என்றால் யார் பார்ப்பார்கள்? மாங்காய்ப் பருவத்தில் கூலி வேலையை விட முடியாது. சாமி கும்பிட்டு வந்த பிறகு, பிள்ளையின் பரீட்சை முடிந்த பிறகு என்று தேதியைத் தள்ளுவது அலட்சியம் போலத் தெரியும். கணக்குப் பார்த்தால், அது பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் சேர்ந்து போடும் தேதி.

2020இல் இந்த முடிச்சுகள் எல்லாம் ஒன்றாக இறுகின. பொதுமுடக்கத்தை ஒட்டிய மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களில் இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களை ஆராய்ந்தவர்கள், புதிதாகப் பதிவு செய்த நோயாளிகள் முந்தைய ஆண்டைவிட 54 சதவீதம் குறைந்ததாகவும், கதிர்வீச்சு பெற்றவர்கள் 23 சதவீதம் குறைந்ததாகவும் கண்டார்கள். இயந்திரங்கள் பழுதாகவில்லை. பேருந்து ஓடவில்லை.

இருபத்தைந்து நாளும் ஐந்து நாளும்

வரிசையைக் குறைக்க இயந்திரம் வாங்குவது ஒரு வழி. இருக்கிற இயந்திரத்தில் ஒவ்வொருவருக்கும் ஆகும் நாட்களைக் குறைப்பது இன்னொரு வழி. மார்பகக் கதிர்வீச்சின் கடந்த இருபதாண்டு வரலாறு இந்த இரண்டாவது வழியின் வரலாறுதான்.

பழைய முறையில் 50 கிரே (கதிர் அளவின் அலகு) அளவை 25 நாட்களுக்குப் பிரித்து ஐந்து வாரம் தருவார்கள். பிரிட்டனின் ‘ஸ்டார்ட்’ சோதனைகள், 40 கிரேயை 15 நாட்களில் தந்தால் போதும் என்று நிறுவின. மார்பகத்தை முழுதாக எடுத்தவர்களுக்கும் இது பொருந்துமா என்ற தயக்கத்துக்கு 2019இல் சீனாவிலிருந்து பதில் வந்தது. 820 பெண்களில், மூன்று வாரச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் ஐந்து வாரச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் நோய் திரும்பும் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2020இல் பிரிட்டனின் ‘ஃபாஸ்ட்-ஃபார்வர்டு’ சோதனை இன்னும் ஒரு படி போனது. 97 மருத்துவமனைகள், 4,096 நோயாளிகள். 26 கிரே அளவை ஐந்தே நாளில் பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குள் அதே பக்க மார்பில் நோய் திரும்பியவர்கள் நூற்றுக்கு 1.4 பேர், மூன்று வாரம் பெற்றவர்களில் 2.1 பேர். கொல்கத்தாவின் டாடா மருத்துவ மையம் ஒரு வாரச் சிகிச்சையை இந்தியப் பெண்களிடையே சோதிக்கும் ஆய்வை முன்னெடுத்தது.

இதன் பொருள் எளிய கணக்கில் தெரியும். 25 நாள் சிகிச்சையில் ஒருவர் பிடித்துக்கொள்ளும் இயந்திர நேரத்தில், நாளொன்றுக்கு ஆகும் நேரம் ஒன்றே என்று கொண்டால், 5 நாள் சிகிச்சையில் ஐந்து பேரை முடிக்கலாம். புத்தலப்பட்டிலிருந்து திருப்பதிக்குப் போய்வருவது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஐந்து வாரத்துக்கு 2,500 கிலோமீட்டர், மூன்று வாரத்துக்கு 1,500, ஒரு வாரத்துக்கு 500. எல்லோருக்கும் ஐந்து நாள் பொருந்தாது. அக்குள், கழுத்தெலும்புப் பகுதிக் கணுக்களுக்கும் கதிர் தர வேண்டியவர்களுக்கு மூன்று வாரமே பரவலான வழக்கம். ஆனால் ‘எனக்கு எத்தனை நாள், ஏன் அத்தனை நாள்?’ என்று கேட்பதற்கு ஒவ்வொரு நோயாளிக்கும் உரிமை உண்டு.

அரகொண்டாவின் திரை

புத்தலப்பட்டுத் தொகுதிக்குள் அரகொண்டா என்ற ஊர் இருக்கிறது. அப்பல்லோ மருத்துவமனைகளை நிறுவிய பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர். தொலைமருத்துவம் இந்தியாவில் முதலில் பரிசோதிக்கப்பட்ட கிராமங்களில் ஒன்று அது. 2000 மார்ச்சில் ஹைதராபாத் வந்த அன்றைய அமெரிக்க அதிபர் கிளின்டன் அந்தச் சேவையைத் தொடங்கிவைத்தார்.

கதிர்வீச்சைத் திரை வழியே தர முடியாது. ஆனால் கதிர்வீச்சுக்கு முன்னால் நடக்கும் அலைச்சலில் பெரும்பகுதிக்கு ஆள் நேரில் வரத் தேவையில்லை. தழும்பு ஆறிவிட்டதா, கை எவ்வளவு உயர்கிறது, ரத்த அணுக்கள் போதுமா, அறிக்கைகள் எல்லாம் இருக்கின்றனவா, காப்பீட்டு அனுமதி வந்துவிட்டதா என்ற ஐந்து கேள்விகளுக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து திரை வழியே பதில் சொல்லிவிடலாம். திட்டமிடும் ஸ்கேன் நாளுக்கு மட்டும் நோயாளி நேரில் போனால் போதும். இருபத்தைந்து ஆண்டுக்கு முன் இந்த மண்ணில் நிகழ்த்திக் காட்டியதை இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்த, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

காத்திருக்கும் நாட்களில்

காத்திருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதில்லை. ஹார்மோன் ஏற்பி உள்ள நோயென்றால் அதற்கான மாத்திரையைக் கதிர்வீச்சுக்கு முன்பே தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். பல சமயம் தொடங்க முடியும். ஹெர்-2 வகை நோய்க்கான ஊசியை வழக்கமாகக் கதிர்வீச்சோடு சேர்த்தே தொடர்வார்கள். இப்படி ஏதோ ஒரு சிகிச்சை நடந்துகொண்டிருப்பது, மருத்துவப் பலன் ஒருபுறமிருக்க, ‘என்னைச் சும்மா விட்டுவிட்டார்கள்’ என்ற எண்ணத்தையும் குறைக்கும்.

கோப்பு ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அறுவைக் குறிப்பு, நோய்க்கூறு அறிக்கை, ஏற்பிச் சோதனை முடிவு, கீமோ தேதிகள் கொண்ட அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றின் இரண்டு நகல் கையில் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். அறுவை முடித்து வீடு திரும்பும் நாளிலேயே காப்பீட்டு உதவி மேசையில் இருக்கும், ‘மித்ரா’ எனப்படும் உதவியாளரிடம் கதிர்வீச்சு அனுமதியைப் பற்றிப் பேசிவிட வேண்டும். புண் ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த நாட்கள் திரும்பக் கிடைக்காது. புண் சிவந்தால், சீழ் வைத்தால், கை வீங்கினால் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. தொடங்கிய பிறகு நடுவில் நாட்களை விடக் கூடாது. திருவிழாவோ துக்கமோ, முன்கூட்டிச் சொன்னால் ஈடுகட்ட வழி பார்ப்பார்கள்.

மனம் கலங்குவதை ‘தைரியமாக இரு’ என்ற ஒற்றை வரியில் மூடிவிட முடியாது. எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம், யாரிடம் கேட்பது என்பது தெரியாததால் வரும் கலக்கம் அதில் கணிசமானது. அதற்கு மருந்து தகவல்தான். அந்தத் தகவலைத் தரும் பொறுப்பு மருத்துவமனையுடையது.

இங்கிலாந்தில் சிகிச்சை முடிவான நாளிலிருந்து 31 நாளுக்குள் அதைத் தொடங்க வேண்டும் என்ற இலக்கு இருக்கிறது. அது எப்போதும் எட்டப்படுவதில்லை. ஆனாலும் எத்தனை பேருக்கு எட்டப்படவில்லை என்பதை எண்ணி வெளியிட்டாக வேண்டும். இங்கே அப்படி ஓர் இலக்கை நாளையே எதிர்பார்ப்பது பேராசை. அதைவிடச் சிறிய ஒன்றைக் கேட்கலாம். அறுவை முடிந்து தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இப்போது, கதிர்வீச்சு மருத்துவரைப் பார்க்கவும் என்று ஒரு வரி இருக்கும். அதோடு, அவரை எந்தத் தேதியில் பார்க்க வேண்டும், எந்த ஊரில், எந்தத் தேதிக்குள் கதிர்வீச்சைத் தொடங்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதித் தர இயந்திரமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். தேதி எழுதப்பட்டால்தான் அது தவறியதும் தெரியவரும். ஆந்திரக் காப்பீட்டுத் திட்டம் பணம் தருவதற்கான நிபந்தனைகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்தால், உடம்பு கேட்ட வாரம் எது, நிர்வாகம் எடுத்துக்கொண்ட வாரம் எது என்ற கணக்கு ஒரே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.